பழுப்புக் கடற்பாசியும் ஆன்டிஆக்சிடன்ட்டும்: என்னிடம் அடிக்கடி வரும் கேள்விகள்

ராமநாதபுரம் பக்கம் மண்டபம் ஊர்க் கரையில் அள்ளிய கட்டக்கோரை என்ற பழுப்புப் பாசியை வைத்து ஆய்வகத்தில் சில வருடம் வேலை பார்த்தவன் நான். அதனால் "கடற்பாசி மாத்திரை வாங்கலாமா சார்" என்று ஒரு பக்கமும், "எங்க ப்ராஜெக்ட்டுக்கு எந்தக் கரைப்பான் நல்லது அண்ணா" என்று இன்னொரு பக்கமும் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட மொத்தமாக எழுதிவைத்தால் எல்லோருக்கும் உதவும். வேதியியல் பக்கமே போகாதவர்கள் நடுவில் கனமான இடம் வந்தால் அதைத் தாண்டி அடுத்த கேள்விக்குப் போய்விடலாம், ஒன்றும் குறைந்துவிடாது.

பழுப்புப் பாசி என்றால் எது? நோன்புக்குக் காய்ச்சும் கடல்பாசிதானா?

இல்லை. இந்தக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடுவோம். கடையில் கடல்பாசி என்றோ சைனா கிராஸ் என்றோ வெள்ளை நாராகக் கட்டி விற்பார்களே, அது அகர் அகர். சிவப்புப் பாசிகளைக் கொதிக்க வைத்து, வடித்து, வெளுத்து, காயவைத்து எடுப்பது. ராமநாதபுரம் கரையில் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப் பாசி என்று சொல்கிறார்களே, அவையெல்லாம் அந்தச் சிவப்பு இனம். பாலும் சர்க்கரையும் ஊற்றிக் காய்ச்சித் தட்டில் உறையவிட்டு வில்லை போட்டுத் தின்ன அருமையாக இருக்கும், ஆனால் நான் இங்கே பேசப்போகிற பொருள் எதுவும் அதில் கிடையாது.

பழுப்புப் பாசி வேறு குடும்பம். நம் பக்கத்தில் முக்கியமானவை இரண்டு: கட்டக்கோரை என்கிற சர்காஸம், பக்கோடாப் பாசி என்கிற டர்பினேரியா. கட்டக்கோரையைக் கையில் எடுத்துப் பார்த்தால் இலை மாதிரி நீண்ட மடல்களுக்கு நடுவே மிளகு அளவில் உருண்டை உருண்டையாக ஏதோ ஒட்டியிருக்கும். காய் என்று நினைப்பீர்கள். விரலால் நசுக்கினால் பட்டென்று வெடிக்கும், உள்ளே வெறும் காற்று. செடி தண்ணீரில் நிமிர்ந்து நின்று வெயில் பிடிக்கத்தான் அந்தக் காற்றுப் பைகள். குளிர்ந்த கடல்களில் இதே வகையில் பெரிய பெரிய சொந்தங்கள் இருக்கின்றன: ஜப்பானில் கொம்பு, வக்காமே; கொரியாவின் ஜெஜு தீவுப் பக்கம் எக்லோனியா கவா; அயர்லாந்து, ஐஸ்லாந்து பாறைகளில் அஸ்கோபில்லம், பியூகஸ்.

நம் கட்டக்கோரையும் பக்கோடாப் பாசியும் பல காலமாக ஆல்ஜினேட் எடுக்கத்தான் போகின்றன. துணியில் சாயம் அச்சிட, ஐஸ்கிரீமைக் கெட்டியாக்க, பல் மருத்துவர் அச்செடுக்க என்று அந்தப் பசைக்கு வேலை நிறைய. ஆன்டிஆக்சிடன்ட் பேச்சு அதற்குப் பின்னால் வந்தது.

ஏன் பழுப்பாக இருக்கிறது?

பச்சையம் அதிலும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு ஃபியூகோசாந்தின் என்ற ஆரஞ்சு நிறமி உட்கார்ந்திருக்கிறது, கேரட்டின் பீட்டா கரோட்டினுக்கு உறவுக்காரப் பொருள். இதை வீட்டிலேயே கண்ணால் பார்க்கலாம். காயாத புதுக் கட்டக்கோரை ஒரு கொத்து கிடைத்தால் கொதிக்கிற தண்ணீரில் முக்குங்கள். சில நொடிகளில் பழுப்பு போய்ப் பளிச்சென்று பச்சையாகிவிடும். புரதத்தோடு பிணைந்திருக்கும்வரைதான் ஃபியூகோசாந்தினால் அந்தப் பழுப்பைக் காட்ட முடியும், சூடு பட்டதும் பிணைப்பு குலைகிறது, மறைந்திருந்த பச்சை வெளியே வருகிறது. முதல் தடவை பார்த்தபோது நான் மூன்று கொத்து வீணாக்கினேன், அத்தனை ஆசை.

வில்ஸ்டாட்டர், பேஜ் என்ற இருவர் 1914-லேயே இந்த நிறமியைப் பிரித்தெடுத்துவிட்டார்கள். கடலில் மிதக்கும் டயட்டம் என்ற நுண்பாசிகளிலும் இதுதான் இருக்கிறது. அதனால் உலகத்தில் உருவாகும் கரோட்டினாய்டுகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இந்த ஒரே நிறமிதான் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

ஆன்டிஆக்சிடன்ட் என்றால் சுருக்கமாக என்ன? பாசிக்கு அது எதற்கு?

நறுக்கின ஆப்பிள் கறுக்கிறது, பழைய எண்ணெய் காறுகிறது. இரண்டும் ஆக்சிஜனின் வேலை. ஆக்சிஜன் சில நேரம் ஜோடியில்லாத எலக்ட்ரானோடு ஃப்ரீ ராடிக்கல் என்ற வடிவத்துக்குப் போகும். அது பக்கத்தில் இருக்கும் கொழுப்பிடமிருந்தோ புரதத்திடமிருந்தோ எலக்ட்ரானைப் பிடுங்கும், பறிகொடுத்தது அடுத்ததிடம் பிடுங்கும், இப்படியே சங்கிலியாகப் போகும். அந்தச் சங்கிலியில் தானாக வந்து ஒரு எலக்ட்ரானையோ ஹைட்ரஜனையோ கொடுத்துவிட்டு, தான் பெரிதாகக் கெடாமல் நின்றுகொள்ளும் பொருள்தான் ஆன்டிஆக்சிடன்ட்.

பாசி பாறையை விட்டு நகர முடியாது. வற்று நேரத்தில் தண்ணீர் இறங்கியதும் உச்சி வெயிலில் காய்கிறது, உப்பு உறைக்கிறது, புற ஊதாக் கதிர் நேரே அடிக்கிறது, அடுத்த ஏற்றத்தில் மறுபடி முழுகுகிறது. இந்த ஒவ்வொரு மாற்றத்திலும் அதன் செல்களுக்குள் ஃப்ரீ ராடிக்கல் கிளம்பும். தப்பிக்க ஓட முடியாதது உள்ளேயே மருந்து வைத்திருக்க வேண்டும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அயோடின் கதை. 1811-ல் பெர்னார் கூர்துவா என்ற பிரெஞ்சுக்காரர் வெடியுப்புத் தயாரிக்கக் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தியபோதுதான் அயோடின் என்ற தனிமமே மனிதர் கண்ணில் பட்டது. பாசி ஏன் இத்தனை அயோடினைச் சேர்த்துவைக்கிறது என்பதற்குப் பதில் கிடைக்க இருநூறு வருடம் ஆனது. குப்பர் குழுவினர் 2008-ல் லாமினேரியா டிஜிட்டேட்டா என்ற பெரிய பழுப்புப் பாசியில் காட்டினார்கள்: சேர்த்துவைத்த அயோடைடு தானே ஓர் ஆன்டிஆக்சிடன்ட், பாசி வெயிலில் தவிக்கும்போது அதை வெளியே விட்டு ஓசோனையும் மற்ற ஆக்சிஜனேற்றிகளையும் அங்கேயே அணைக்கிறது. இந்த அயோடின் கீழே மாத்திரைக் கேள்வியில் மறுபடி வரும், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தெந்தச் சேர்மங்களைப் பற்றிப் பேசுகிறார்கள்?

மூன்று பெயர் அடிக்கடி வரும். மூன்றுக்கும் ஒரே மதிப்பு கொடுக்க நான் தயாரில்லை.

முதலாவது ஃப்ளோரோடானின்கள். என் கணக்கில் கதாநாயகன் இதுதான். தேயிலையிலும் கடுக்காயிலும் இருக்கும் துவர்ப்பு டானின் போலத்தான் குணம், ஆனால் கட்டுமானம் வேறு. ஃப்ளோரோகுளூசினால் என்ற சிறிய வளையம், அதில் மூன்று ஹைட்ராக்சில் கைகள். இந்த ஒரே செங்கலை விதவிதமாகக் கோத்துக் கட்டியவைதான் அத்தனையும். நிலத்துச் செடிகள் இதைச் செய்வதில்லை. மூன்று செங்கல் சேர்ந்தது எக்கால், இரண்டு எக்கால் சேர்ந்தது டைஎக்கால், அதில் மட்டும் 11 ஹைட்ராக்சில் கைகள். ஒவ்வொரு கையும் ஹைட்ரஜன் கொடுக்கத் தயாராக நிற்கிறது, கொடுத்த பிறகு மிஞ்சும் எலக்ட்ரான் வளையத்தில் பரவிக்கொள்வதால் மூலக்கூறு நிலைகுலையாமல் இருக்கிறது. கூடவே இரும்பு, செம்பு அயனிகளையும் கவ்விப் பிடிக்கும். அந்த உலோகங்கள்தான் பல இடங்களில் ஃப்ரீ ராடிக்கலைக் கிளப்பிவிடுபவை என்பதால் அதுவும் பெரிய உதவி.

இரண்டாவது மேலே சொன்ன ஃபியூகோசாந்தின். பீட்டா கரோட்டின் கிட்டத்தட்ட கண்டுகொள்ளாத சில ராடிக்கல்களோடு இது வினைபுரிகிறது. ஆனால் சுபாவம் ரொம்ப மென்மை: வெளிச்சம் ஆகாது, சூடு ஆகாது, காற்றும் ஆகாது.

மூன்றாவது ஃபியூகோய்டான். கந்தகம் ஏறிய சர்க்கரைச் சங்கிலி, 1913-ல் சுவீடனின் கைலின் கண்டுபிடித்தது. ரத்தம் உறைதல், நோயெதிர்ப்பு பற்றியெல்லாம் இதில் ஆராய்ச்சி நிறைய நடக்கிறது. ஆன்டிஆக்சிடன்ட் விஷயத்தில் மட்டும் எனக்குச் சந்தேகம் உண்டு, ஏனென்றால் முழுதாகச் சுத்தம் செய்யாத ஃபியூகோய்டானில் ஃப்ளோரோடானின் ஒட்டிக்கொண்டு வரும், பெயர் இதற்குப் போய்விடும்.

ஆன்டிஆக்சிடன்ட் சக்தியை எப்படி அளக்கிறார்கள்?

பிரபலமானது டி.பி.பி.எச். சோதனை, 1958-லிருந்து இருக்கிறது. டி.பி.பி.எச். என்பது பாட்டிலில் அடைத்து விற்கும் ஒரு ராடிக்கல், மெத்தனாலில் கரைத்தால் நல்ல நாவல்பழ நிறம். வரிசையாகக் குழாய்களில் அதை ஊற்றி, பாசியிலிருந்து எடுத்த சாறை முதல் குழாயில் கொஞ்சம், அடுத்ததில் இன்னும் கொஞ்சம் அதிகம் என்று விட்டு, இருட்டில் அரை மணி நேரம் வைப்போம். எடுத்துப் பார்த்தால் ஒரு பக்கம் ஊதா, போகப் போகச் சாயம் வெளுத்து, கடைசிக் குழாய் எலுமிச்சைச் சாறு மாதிரி மஞ்சள். கருவி அதை 517 நானோமீட்டரில் எண்ணாக்கிக் கொடுக்கும். பாதி ராடிக்கலை அணைக்க எவ்வளவு சாறு தேவைப்பட்டது என்பதுதான் ஐ.சி. 50 என்ற மதிப்பு. எண் சின்னதாக இருந்தால் சாறு வலுவானது.

இதுபோல ஏ.பி.டி.எஸ்., இரும்பை ஒடுக்கும் ஃப்ராப், எண்ணெயோடு சேர்த்துப் பார்க்கும் சோதனைகள் என்று இன்னும் பல. ஒரே ஒரு சோதனையை வைத்து எழுதிய ஆய்வறிக்கையை நான் நம்புவதில்லை. ஒரு சாறு டி.பி.பி.எச்.-இல் பின்னி எடுக்கும், எண்ணெயில் போட்டால் கரையாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

"எங்கள் பாசி வைட்டமின் சி-யை விடப் பல மடங்கு சக்தி" என்று போடுகிறார்களே, உண்மையா?

எக்லோனியாவின் சுத்தப்படுத்திய டைஎக்கால் போன்றவை டி.பி.பி.எச். குழாய்க்குள் வைட்டமின் சி-யோடு போட்டிபோட்டு ஜெயிக்கத்தான் செய்கின்றன, அதில் பொய்யில்லை. ஆனால் அந்த வாக்கியத்தில் 'குழாய்க்குள்' என்ற சொல்லை விட்டுவிட்டால் முழு வாக்கியமும் தவறாகிவிடுகிறது. டி.பி.பி.எச். நம் உடம்பில் எங்கும் இல்லாத ராடிக்கல். அமெரிக்க வேளாண்மைத் துறை உணவுகளுக்கு ஓராக் என்ற ஆன்டிஆக்சிடன்ட் மதிப்பெண் பட்டியல் ஒன்றை வைத்திருந்தது. வியாபாரிகள் அதை விளம்பரத்துக்கு எடுத்துக்கொண்டார்கள். அந்த எண்களுக்கும் உடல்நலத்துக்கும் தொடர்பு நிறுவப்படவில்லை என்று 2012-ல் துறையே பட்டியலைத் தூக்கிவிட்டது.

இன்னொன்று, மொத்த ஃபீனால் அளவு. ஃபோலின் வினைப்பொருளைச் சாறில் விட்டால் நீலம் ஏறும், அந்த நீலத்தை ஃபீனால் என்று எழுதிவிடுவார்கள். ஆனால் வைட்டமின் சி, சில புரதங்கள், ஒடுக்கும் சர்க்கரைகள் எல்லாமே அங்கே நீலம் காட்டும். ஆகவே 'மொத்த ஃபீனால்' முழுவதும் ஃப்ளோரோடானின் ஆகாது.

சாறு எப்படி எடுக்கிறார்கள்? (மாணவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாக)

பாதி விஷயம் கரையிலேயே முடிந்துவிடும். ஆல்ஜினேட்டுக்குப் போகும் பாசியைக் கடற்கரை மணலில் பரப்பி வெயிலில் இரண்டு மூன்று நாள் காயவிடுவார்கள், ஆல்ஜினேட்டுக்கு அது போதும். ஆனால் அதே மூட்டையை வாங்கிவந்து ஃபியூகோசாந்தின் தேடினால் எங்கிருந்து வரும், வெயில்தான் தின்றுவிட்டதே. ஃபீனால்களும் குறைந்துபோயிருக்கும். என் முதல் ஆறு மாதம் இப்படித்தான் போனது. எண்கள் ஒவ்வொரு மூட்டைக்கும் ஒவ்வொரு மாதிரி வந்தன, காரணம் காயவைத்த விதம் என்று பிடிபட நாளாயிற்று. நீங்களே அள்ளுங்கள், கடல்நீரில் மணலும் சின்னச் சிப்பிகளும் போக அலசுங்கள், நல்ல தண்ணீரில் சட்டென்று ஒரு முக்கு, ஐஸ் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்து உறைநிலை உலர்த்தியில் காயவையுங்கள். அந்த வசதி இல்லையென்றால் நிழலில், காற்றோட்டத்தில். மண்டபத்தில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் பாசி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும் இருக்கிறது. இனம் எது என்று உறுதி செய்துகொள்ள அந்தப் பக்கம் விவரம் தெரிந்தவர்களிடம் காட்டுங்கள், சர்காஸத்தில் இனங்கள் ஏராளம், படத்தைப் பார்த்து முடிவு பண்ணக் கூடாது.

கரைப்பானுக்கு வருவோம். வெறும் வெந்நீரில் போட்டால் ஆல்ஜினேட்டும் ஃபியூகோய்டானும் கூடவே வந்து, வெண்டைக்காய்ச் சாறு மாதிரி கொழகொழவென்று ஆகிவிடும், வடிதாளில் ஒரு சொட்டுகூட இறங்காது. கால்சியம் குளோரைடு கொஞ்சம் சேர்த்தால் ஆல்ஜினேட் கட்டியாகிப் பிரிந்து நிற்கும். ஃப்ளோரோடானினுக்கு 50 முதல் 70 சதவீதம் வரை எத்தனாலோ, 70 சதவீதம் அசிட்டோனோ, மீதி தண்ணீரும் உள்ள கலவைதான் வழக்கம். சாப்பிடும் பொருளில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் எத்தனாலோடு நில்லுங்கள். எடுத்த சாறை எத்தில் அசிட்டேட்டோடு குலுக்கிப் பிரித்தால் பெரும்பாலும் அந்த அடுக்கில்தான் சக்தி சேர்ந்திருக்கும். பெரிய இடங்களில் நொதி போட்டுச் செல்சுவரை உடைப்பது, மீயொலி அடிப்பது, ஃபியூகோசாந்தினுக்கு அழுத்தம் கொடுத்த கார்பன் டை ஆக்சைடு என்றெல்லாம் செய்கிறார்கள்.

எந்தப் பாத்திரமானாலும் அலுமினியத் தாள் சுற்றுங்கள், 40 டிகிரிக்கு மேல் சூடேற்றாமல் கரைப்பானை ஆவியாக்குங்கள். அப்புறம் அறுவடை செய்த மாதத்தைக் கட்டாயம் எழுதுங்கள். ஒரே பாறையில் வளர்ந்த அதே பாசியில் மாதத்துக்கு மாதம் ஃபீனால் ஏறி இறங்கும்.

நம் கட்டக்கோரையும் கொரிய எக்லோனியாவும் ஒன்றுதானா?

இனம், கடல், சேர்மம் எல்லாமே வேறு. ஃப்ளோரோடானின் அளவை மட்டும் எடுத்துக்கொண்டால், வட அட்லாண்டிக்கின் பியூகஸ் வகைகளில் உலர் எடையில் 10 சதவீதத்தைத் தாண்டுவது உண்டு. வெப்பக் கடல்களின் பல இனங்களில் 2 சதவீதம் இருந்தாலே அதிகம். அதனால் கொரியாவில் எக்லோனியாவை வைத்துச் செய்த ஆராய்ச்சியைக் காட்டி இங்கே சர்காஸம் பொடி விற்பது சரியில்லை. நம் பாசி மட்டம் என்று சொல்ல வரவில்லை. நம் பாசிக்கு நம் எண்கள் வேண்டும், அவ்வளவுதான்.

சரி, சாப்பிட்டால் உடம்புக்குள் வேலை செய்யுமா?

இந்தக் கேள்விக்குத்தான் இத்தனையும் எழுதினேன். குழாயில் நடப்பது அப்படியே ரத்தத்தில் நடக்க, முதலில் அந்தப் பொருள் ரத்தத்துக்குப் போய்ச் சேர வேண்டும்.

ஃபியூகோசாந்தினைப் பாருங்கள். குடலிலேயே அது 'ஃபியூகோசாந்தினால்' (fucoxanthinol) என்ற வேறு பொருளாக உருமாறிவிடுகிறது. ஜப்பானில் சிலருக்கு நாளுக்குச் சுமார் 6 மில்லிகிராம் ஃபியூகோசாந்தின் உள்ள சமைத்த வக்காமேயை ஒரு வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். ரத்தத்தில் கிடைத்தது லிட்டருக்கு ஒரு நானோமோல்கூட இல்லை. ஆய்வகத்தில் செல்களின் மேல் ஊற்றுவது லிட்டருக்கு 10 மைக்ரோமோல், சில நேரம் அதற்கும் மேல். 10 மைக்ரோமோல் என்றால் 10,000 நானோமோல். தட்டில் வளர்ந்த செல் பார்த்த அளவில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் சாப்பிட்டவர் உடம்பு பார்த்திருக்கிறது. "புற்றுநோய் செல்லைக் கொன்றது" என்ற செய்தியைப் படிக்கும்போதெல்லாம் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

ஃப்ளோரோடானினும் அப்படித்தான். பெரிய மூலக்கூறுகள் சிறுகுடலில் அதிகம் உறிஞ்சப்படுவதில்லை, பெருங்குடலுக்குப் போய் அங்குள்ள நுண்ணுயிர்கள் உடைத்த பிறகு கொஞ்சம் உள்ளே வருகிறது, அதுவும் ஆளுக்கு ஆள் ரொம்ப மாறுகிறது. அயர்லாந்துத் தீவில் உள்ள ஆராய்ச்சியாளர்கள் உடல் எடை கூடிய 80 பேருக்கு அஸ்கோபில்லம் சாறு கேப்சூலை எட்டு வாரம் கொடுத்து, போலி மாத்திரையோடு ஒப்பிட்டு 2018-ல் வெளியிட்டார்கள். நாளுக்கு 100 மில்லிகிராம் பாலிஃபீனால். மொத்தக் குழுவையும் சேர்த்துப் பார்த்தால் ஆன்டிஆக்சிடன்ட் அளவுகளில் சொல்லும்படி மாற்றம் இல்லை. உடல் பருமன் உள்ளவர்களை மட்டும் தனியே எடுத்தால் டி.என்.ஏ. சேதம் சற்றுக் குறைந்திருந்தது. நேர்மையாக நடத்திய நல்ல ஆய்வு, பலன் சின்னது.

இன்னொரு வழியும் இருக்கலாம் என்று நினைக்கிறார்கள், எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. இந்தச் சேர்மங்கள் நேராக ராடிக்கலோடு மோதுவதை விட, நம் செல்களின் என்.ஆர்.எஃப். 2 என்ற சுவிட்சைத் தட்டிவிட்டு, உடம்பே தன் பாதுகாப்பு நொதிகளைக் கூட்டிக்கொள்ளச் செய்யலாம். அதற்கு அதிக அளவு தேவைப்படாது. செல்களிலும் எலிகளிலும் சான்று இருக்கிறது, மனிதர்களில் போதுமான அளவு இன்னும் வரவில்லை.

அப்படியானால் கேப்சூல் வாங்கலாமா?

என் அம்மா கேட்டபோது வேண்டாம் என்றுதான் சொன்னேன், உங்களுக்கும் அதையே சொல்கிறேன்.

முதல் காரணம் அயோடின். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் போதும். அயோடின் கலந்த உப்பிலேயே நமக்குப் பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. காய்ந்த கொம்புப் பாசி (மேலே சொன்ன ஜப்பான் பாசி) ஒரே ஒரு கிராமில் 1,000 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கும். தைராய்டு இதைத் தாங்காது, குறைந்தாலும் தொல்லை, கூடினாலும் தொல்லை. ஐரோப்பிய ஒன்றியம் எக்லோனியா கவாவின் ஃப்ளோரோடானினைப் புதிய உணவாக 2018-ல் அனுமதித்தபோது பெரியவர்களுக்கு நாளுக்கு 263 மில்லிகிராம் என்று வரம்பு போட்டது, 12 வயதுக்குக் குறைந்தவர்களுக்குக் கூடாது என்றது, தைராய்டு நோய் உள்ளவர்கள் சாப்பிடக் கூடாது என்று லேபிளில் எழுதவும் சொன்னது. நம் ஊரில் விற்கும் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள், அப்படி ஏதாவது ஒரு வரி இருக்கிறதா என்று. என் சொந்தக்காரர் ஒருவர் வாங்கிவந்த டப்பாவில் எந்தப் பாசி என்ற பெயர்கூட இல்லை, 'கடல் மூலிகை' என்று மட்டும் போட்டிருந்தார்கள். தைராய்டுக்கு மாத்திரை எடுப்பவர் அவர். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

இரண்டாவது ஆர்சனிக். பழுப்புப் பாசிகள் அதைச் சேர்த்துவைக்கும். பெரும்பகுதி அவ்வளவாகத் தீங்கு செய்யாத கரிம வடிவத்தில்தான் இருக்கும், ஆனால் ஹிஜிகி என்ற பாசியில் நச்சான கனிம வடிவமே அதிகம். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2004-ல் ஹிஜிகியைச் சாப்பிட வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. ஹிஜிகி எந்தப் பேரினம் தெரியுமா? சர்காஸம். நம் கட்டக்கோரையின் தாயாதி. அதற்காகக் கட்டக்கோரையும் அப்படித்தான் என்று ஆகிவிடாது, சோதிக்காமல் யாரும் வாயில் போடக் கூடாது என்றுதான் ஆகும்.

மூன்றாவது, ஆன்டிஆக்சிடன்ட் கூடக் கூட நல்லது என்ற நினைப்பே சரியில்லை. பின்லாந்தில் புகைபிடிக்கும் 29,133 ஆண்களை வைத்து, பீட்டா கரோட்டின் நுரையீரல் புற்றைத் தடுக்குமா என்று பார்த்தார்கள். 1994-ல் முடிவு வந்தது: மாத்திரை எடுத்தவர்களிடம் நுரையீரல் புற்று 18 சதவீதம் அதிகம். அத்தனை பேரும் காய்கறியில் இருக்கிற சாதாரண நிறமிதானே என்று நம்பித்தான் விழுங்கினார்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் ஃபியூகோய்டான் பக்கமே போக வேண்டாம், அதற்கும் அதே மாதிரி குணம் உண்டு. கர்ப்பிணிகள் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பாசி மாத்திரையும் எடுக்க வேண்டாம்.

கரையில் ஒதுங்கிக் கிடப்பதை எடுத்துப் பொடி செய்து சாப்பிடலாமா?

கூடாது. ஒதுங்கிக் கிடப்பது செத்துப்போனது, கரையில் என்னென்ன கலந்ததோ அத்தனையும் அதில் இருக்கும். செடிக்கு உரமாகப் போடுங்கள், அதுவும் உப்புப் போக நன்றாக அலசிவிட்டு.

பின்னே இந்தச் சாறால் என்னதான் பயன்?

இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை! மாத்திரையை விட எனக்கு மீனின் மேல்தான் நம்பிக்கை. மத்தி, அயிலை போன்ற எண்ணெய் மீன்கள் ஐஸில் இருந்தாலும் சீக்கிரம் காறல் வாடை அடிக்கும், அது ஒமேகா 3 கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதால் வருவது. இங்கே ரத்தம், குடல், உறிஞ்சுதல் என்ற தடை எதுவும் கிடையாது. சாறு போடுகிற இடத்திலேயே ராடிக்கல் இருக்கிறது, குழாயில் நடந்தது மீனிலும் நடக்க வாய்ப்பு அதிகம். ஐஸ்லாந்தில் பியூகஸ் சாறை மீன் புரதத்தில் சேர்த்து, கொழுப்பு கெடுவது தள்ளிப்போவதைக் காட்டியிருக்கிறார்கள். மீன் எண்ணெயில் இப்போது சேர்க்கும் BHT போன்ற செயற்கை ஆன்டிஆக்சிடன்ட்டுகளுக்குப் பதிலாக இதைப் பயன்படுத்த முடிந்தால் அது உண்மையான லாபம். நிறமும் கடல் வாடையும் உணவில் ஏறிவிடுவதுதான் இப்போதைக்கு இடைஞ்சல். பால்கோவாவில் போட முடியாது, மீன் பொருளில் போடலாம்.

இதில் இன்னொரு சௌகரியம். ஆல்ஜினேட் தொழிற்சாலைக்கு ஃபீனால் என்பது நிறத்தைக் கெடுக்கும் தொல்லை, கழுவி வெளியே விடுவதுதான் வழக்கம். முதலில் எத்தனாலில் ஃபீனாலை எடுத்துவிட்டு அதே சக்கையில் ஆல்ஜினேட் எடுத்தால், ஒரே மூட்டையிலிருந்து இரண்டு பொருள். கடலிலிருந்து கூடுதலாக ஒரு கிலோ பிடுங்கத் தேவையில்லை.

அதிகம் பறித்தால் கடலுக்குக் கெடுதல் இல்லையா? பறிப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது?

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிய பகுதி 1986 முதல் தேசியப் பூங்கா. பாசி அடர்ந்து வளர்வதும் அந்தத் தீவுகளைச் சுற்றித்தான், தலைமுறையாகப் பாசி எடுத்துப் பிழைக்கும் பெண்கள் போவதும் அங்கேதான். விரல்களில் துணிப்பட்டையைச் சுற்றிக்கொண்டு, காலில் தகட்டைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் வலைப்பையோடு மூச்சடக்கி இறங்குகிறார்கள், பவளப்பாறை கிழித்த தழும்பு இல்லாத கை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாள்தான் எடுப்பது என்று தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்திருப்பவர்கள் அவர்கள். பாம்பன் சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்பவருக்கு இந்தப் பெண்களுக்காகப் பாடுபட்டதற்கு 2015-ல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது.

கட்டக்கோரையைப் பறிக்கும்போது பாறையில் பிடித்திருக்கும் அடியை விட்டுவிட்டு மேல் தண்டை மட்டும் ஒடித்தால் மறுபடி துளிர்க்கும். வேரோடு என்பார்களே, அப்படிப் பிடுங்கினால் அந்தப் பாறை மொட்டையாகிவிடும். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது புத்தகம் இல்லை, மண்டபத்தில் என்னைத் தண்ணீரில் இறக்கிவிட்ட ஒரு அக்கா. "அடியை விட்ரு தம்பி, அடுத்த வருசம் அது வேணும்ல" என்றார். சாறுக்குத் தேவையான பாசியை நிழலில் காயவைத்துக் கொடுக்க முடியுமா என்று அவரிடமே கேட்டேன். முடியும், ஆனால் இடமும் பந்தலும் வேண்டும், நாலு நாள் கூட ஆகும், கிலோவுக்கு அதற்கேற்ற விலை தருவீர்களா என்று திருப்பிக் கேட்டார். வெயிலில் காய்ந்த மூட்டைக்கும் நிழலில் காய்ந்த மூட்டைக்கும் ஒரே விலைதான் தருவோம் என்றால் அவர் ஏன் பந்தல் போட வேண்டும்?